அம்மா பெயரில் இருக்கும் நஞ்சையை வங்கி ஏலம் விட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் "வங்கி இப்படிச் செய்யலாமா?" என்ற ஒரே கேள்விதான். மேலூர் பக்கம் அரிசி ஆலை நடத்தும் உங்கள் தாய்மாமா 2017ல் 40 லட்சம் சி.சி.யும் (கேஷ் கிரெடிட், ஒரு வரம்புக்குள் எடுத்தும் போட்டும் புழங்கும் கடன்) 25 லட்சம் டெர்ம் லோனும் (தவணையில் அடைக்கும் கடன்) வாங்கினார். இதுவரை 50 லட்சத்துக்கு மேல் கட்டியாயிற்று, ஆனாலும் வங்கி 81 லட்சம் பாக்கி என்கிறது. போன வருடம் வந்த ரிஜிஸ்டர் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது ஆலைக் கதவில் பொசஷன் நோட்டீஸ், அதாவது சொத்தை வங்கி சுவாதீனம் எடுத்துவிட்டது என்ற அறிவிப்பு, ஒட்டி 33 நாள் ஆகிறது, பேப்பரிலும் பெயர் வந்துவிட்டது. மாமா பதிலுக்கு வங்கி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார், மேனேஜர் கமிஷன் கேட்டார் என்று ஃபேஸ்புக்கில் வீடியோ போட்டார், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுவும் கொடுத்தார். இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசி வரியில், ஜாமீன் கையெழுத்துப் போட்ட அம்மாவின் பெயரில் உள்ள 2 ஏக்கர் நஞ்சையும் இதே அடமானத்தில் இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. மற்றதைப் பற்றியும் சொல்கிறேன்.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் கடன் பிரிவிலும் பிறகு வசூல் பிரிவிலும் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி நோட்டீஸ்களைத் தயாரித்து அனுப்பிய பக்கத்தில் இருந்தவன் என்பதால், என் பேச்சில் வங்கி வாடை அடித்தால் அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். வக்கீல் இல்லை. உங்கள் காகிதங்கள் எதையும் பார்க்கவும் இல்லை. ஆகவே சட்டத்தில் இருப்பதை உறுதியாகவும், உங்கள் வழக்கில் அது எப்படிப் போகும் என்பதைச் சந்தேகத்தோடும்தான் சொல்ல முடியும்.

முதலில் தேதி. வங்கி இப்போது எடுத்திருக்கும் நடவடிக்கை 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம்) 13(4) பிரிவின்படி. அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், அதாவது டி.ஆர்.டி.யில், 17ஆம் பிரிவின் கீழ் மனு போட 45 நாள் அவகாசம். ஆலையைப் பூட்டவில்லையே, நோட்டீஸ்தானே ஒட்டியிருக்கிறார்கள், பூட்ட வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். காகித அளவில் சுவாதீனம் எடுத்தாலே தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. போகலாம் என்றால் நாள் எண்ணிக்கையும் அன்றே ஆரம்பம் என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். நோட்டீஸ் ஒட்டிய தேதி, பேப்பரில் வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ணுங்கள். உங்கள் கணக்குப்படி மிச்சம் 12 நாள்.

டி.ஆர்.டி.க்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம், மதுரையிலேயே இருக்கிறது. மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் ஒத்தக்கடை தாண்டியதும் உயர் நீதிமன்றக் கிளைதான் முதலில் கண்ணில் படும். அதனாலோ என்னவோ எல்லோரும் நேரே அங்கே ரிட் (அரசியல் சாசனப்படி உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போட ஓடுகிறார்கள். டி.ஆர்.டி. என்று ஒரு வழி இருக்கும்போது இந்த வழக்குகளை உயர் நீதிமன்றம் எடுக்கக் கூடாது என்று 2010 முதல் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. தனியார் வங்கி என்றால் ரிட் நிற்பதே கஷ்டம். தீர்ப்பாயத்தில் நீதிபதி பதவி காலியாக இருப்பது போன்ற சமயங்களில் உயர் நீதிமன்றம் இடைக்கால உதவி செய்வதுண்டு, அது விதிவிலக்கு. சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சட்டத்தின் 34ஆம் பிரிவு அந்தக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். டி.ஆர்.டி. மனுவுக்கான கட்டணம் கடன் தொகையைப் பொறுத்தது. 81 லட்சத்துக்குச் சுமார் 23,000 ரூபாய் வரும், வக்கீல் ஃபீஸ் தனி.

கலெக்டரிடம் கொடுத்த மனுவைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கி ஆலையை நேரடியாகக் கைப்பற்ற நினைத்தால், 14ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோதான் உத்தரவு கேட்கும். கடன் சரியா தவறா என்று விசாரிக்கும் அதிகாரம் அங்கே கிடையாது. வங்கியின் பிரமாணப் பத்திரத்தில் வேண்டிய விவரங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, 30 நாளில், அதிகபட்சம் 60 நாளில் உத்தரவு போட வேண்டியது அவர்கள் கடமை. மாமா யாரிடம் நியாயம் கேட்டு மனு கொடுத்தாரோ, அந்த ஆபீஸிலிருந்தே போலீஸ் பந்தோபஸ்துடன் தாசில்தார் வரக்கூடும். அது துரோகம் இல்லை, சட்டம் அந்த ஆபீஸுக்குக் கொடுத்திருக்கும் வேலை அவ்வளவுதான்.

ஃப்ளெக்ஸுக்கு வருவோம். கணக்கு என்.பி.ஏ. (வாராக்கடன்) ஆகி இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால், பெரும்பாலான வங்கிகளில் ஃபைல் அந்தக் கிளையிலேயே இருக்காது. வசூலுக்கென்று உள்ள தனிப் பிரிவுக்குப் போயிருக்கும். நோட்டீஸின் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பவர் 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி'. பொதுத்துறை வங்கியில் சீஃப் மேனேஜர் பதவிக்குக் குறையாதவர். ஃப்ளெக்ஸைப் பார்க்கும் கிளை மேனேஜர், பாவம், போன வருடம்தான் மாறுதலில் வந்திருப்பார். ஒரு ரூபாய் குறைக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்காது. முடிவெடுப்பவர்கள் அந்தத் தெருவுக்கே வருவதில்லை. அதற்கு மேல் அந்த வீடியோ ஃபைலில் ஏறிவிடும். பிறகு செட்டில்மென்ட் கேட்டுப் போகும்போது, குறிப்பு எழுதும் அதிகாரி 'கடன்தாரர் ஒத்துழைக்காதவர், வங்கி மேல் அவதூறு பரப்புபவர்' என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த வரிக்கு எடை உண்டு என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கமிஷன் கேட்டது உண்மையாக இருந்து ஆதாரமும் இருந்தால், அதை வங்கியின் விஜிலன்ஸ் பிரிவுக்குத் தேதியோடு எழுத்தில் கொடுங்கள். ஆதாரம் இல்லாமல் பெயர் சொல்லிப் போட்ட வீடியோவை எடுத்துவிடுவது நல்லது. அவதூறு இப்போதும் குற்றம்தான், இந்தக் கஷ்டத்தோடு அதையும் சுமக்க வேண்டாம்.

பேப்பரில் பெயர் போட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று மாமா கொதிப்பது புரிகிறது. மேலூர் மாதிரி ஊரில் டீக்கடையில் பேப்பர் விரிப்பவரெல்லாம் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனால் அது வங்கியின் வன்மம் இல்லை. பொசஷன் எடுத்த 7 நாளுக்குள் இரண்டு முக்கியப் பத்திரிகைகளில், ஒன்று உள்ளூர் மொழியில், விளம்பரம் செய்தே ஆக வேண்டும் என்பது விதி. செய்யவில்லை என்றால்தான் அது உங்களுக்கு ஒரு வாதம். ஆகவே இரண்டு பேப்பரில் வந்ததா, 7 நாளுக்குள் வந்ததா, சர்வே நம்பரும் நான்கு எல்லையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். போட்டோவும் போட்டிருந்தால் அது வேறு விஷயம். வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டவர்களின் படத்தை மட்டுமே வெளியிடலாம் என்பது 2016ல் ரிசர்வ் வங்கி சொன்னது.

அடுத்து, '65 லட்சம் வாங்கி 50 லட்சம் கட்டியும் 81 லட்சம் பாக்கியா' என்பது. இதைத்தான் ஃப்ளெக்ஸிலும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கில் ஒரு பகுதி வங்கி சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். சி.சி. என்பதில் மாதத் தவணையாக அசல் குறைவதே கிடையாது. 40 லட்சம் லிமிட்டை முழுதாக எடுத்து வைத்திருந்தால், வட்டி 11 சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 4,40,000 ரூபாய் போகும். வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை மாதிரி அது, எத்தனை வருடம் கொடுத்தாலும் வீடு நமதாவதில்லை. 8 வருடத்தில் 35 லட்சம் அப்படியே போயிருக்கும். நெல் கொள்முதலுக்கு எடுப்பதும் அரிசி விற்றுப் போடுவதுமாக ஓடிய டர்ன்ஓவரையும் சிலர் 'கட்டியது' என்று கூட்டிவிடுவார்கள். கோர்ட்டில் அது நிற்காது.

ஆனால் மீதிப் பகுதியை அப்படியே நம்பிவிட வேண்டாம். கணக்கு ஆரம்பித்த நாளிலிருந்து முழு ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குங்கள். என்.பி.ஏ. தேதியில் பாக்கி எவ்வளவு, அதற்குப் பிறகு எந்த விகிதத்தில் வட்டி ஏற்றினார்கள், அபராதம் என்ற பெயரில் என்ன போட்டார்கள் என்று தனித்தனியாகப் பாருங்கள். தாமதத்துக்கு அபராத வட்டி என்று வட்டி விகிதத்தோடு சேர்த்து வாங்கக் கூடாது, கட்டணமாகத்தான் வாங்கலாம், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏறக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதலும், பழைய கடன்களுக்கு அதிகபட்சம் 2024 ஜூன் கடைசிக்குள்ளும் அமலுக்கு வந்திருக்க வேண்டும். பழைய கணக்குகளில் இது ஒழுங்காக மாற்றப்பட்டதா என்பது பார்க்க வேண்டிய இடம். வேல்யூவர் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், ஸ்டாக் காட்டாததற்கு அபராதம் என்று சில்லறை சில்லறையாக ஏற்றியதும் சேர்ந்தால் கணிசமாக வரும். இதனால் ஏலம் ரத்தாகிவிடாது. பேரம் பேசும்போது உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும்.

வாங்காமல் திருப்பிய அந்தத் தபால் 13(2) நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும். 60 நாளில் முழுத் தொகையையும் கட்டு என்பது அதன் சாரம். 'வாங்க மறுப்பு' என்று தபால்காரர் எழுதிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது கையில் கொடுத்த மாதிரிதான். இங்கே இழந்தது பெரிது. அந்த 60 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருந்தால், வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும் என்கிறது 13(3ஏ). பதில் தராமல் பொசஷனுக்குப் போயிருந்தால் அதுவே டி.ஆர்.டி.யில் நல்ல ஆயுதமாகியிருக்கும். எழுதாததால் அது கையில் இல்லை. குறு, சிறு தொழில்களுக்கான ரிசர்வ் வங்கியின் 2016 மறுவாழ்வுத் திட்டமும் அப்படித்தான். வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்றாலும், கணக்கு என்.பி.ஏ. ஆகும் முன்பே உரிய ஆவணத்தோடு கேட்டிருக்க வேண்டும் என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமா அப்படிக் கேட்டு எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். இல்லை என்றால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

இனி அம்மாவின் நஞ்சை. இந்தச் சட்டத்தில் 'கடன்தாரர்' என்றால் ஜாமீன்தாரரும் அடமானம் கொடுத்தவரும் சேர்த்திதான். ஆகவே அம்மா பெயருக்குத் தனியாக 60 நாள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். மாமா திருப்பி அனுப்பியது அவர் தபால். அம்மாவுக்கு வந்ததா, எந்த முகவரிக்கு வந்தது, யார் வாங்கினார்கள்? கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவருக்கு ஆலை முகவரியிலேயே நோட்டீஸ் அனுப்பி முடித்த கேஸ்கள் உண்டு. அதேபோல பொசஷன் நோட்டீஸ் ஆலைக் கதவில் ஒட்டப்பட்டது என்கிறீர்கள். வயலில் என்ன செய்தார்கள்? பொதுவாக ஒரு குச்சி நட்டு அதில் நோட்டீஸைக் கட்டி, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் போட்டோவில் தெரிவது உங்கள் வயல்தானா என்பதே ஒரு கேள்வி. வயல் விளம்பரத்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முக்கியமானது 31ஆம் பிரிவின் (ஐ) உட்பிரிவு. விவசாய நிலத்தின் மேல் உருவாக்கிய அடமானத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. மாமா ஆலை நிற்கும் இடத்துக்கும் பட்டாவில் 'புஞ்சை' என்றுதானே இருக்கிறது, அதையும் காப்பாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாதம் நிற்காது என்றே நினைக்கிறேன். பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் போதாது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது, எந்த நோக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கில். விவசாய நிலம்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் சொல்பவர் தலையில்தான். பாய்லரும் நெல் உலர்த்தும் களமும் உள்ள இடத்தை விவசாய நிலம் என்று எந்த வக்கீலாலும் சொல்ல முடியாது.

வயல் அப்படியில்லை. பெரியாறு வாய்க்கால் தண்ணீரில் வருடா வருடம் நடவு நடக்கும் நஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையானால் இந்த வழக்கில் உங்களிடம் இருக்கும் வலுவான ஒரே பிடி அதுதான். வங்கி என்ன சொல்லும்? தொழில் கடனுக்கு நீங்களே மனமுவந்து கொடுத்த சொத்து, வேல்யூவர் ரிப்போர்ட்டில் 'ரோட்டோரம், பிளாட் போட ஏற்றது' என்று இருக்கிறது, அதற்கு ஏற்ற மதிப்பைக் காட்டித்தான் கடன் வாங்கினீர்கள் என்று சொல்லும். தீர்ப்பாயம் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்கள் சாட்சியங்களைப் பொறுத்தது, நான் உறுதி சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் ஜெயித்தாலும் கடன் அழியாது. அம்மா ஜாமீன் போட்டவர். கடன்தாரர் எவ்வளவு கடன்பட்டாரோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. சர்ஃபாசி வழி அடைபட்டால் வங்கி அதே டி.ஆர்.டி.யில் முறையான வசூல் வழக்குப் போடலாம், அதில் விவசாய நிலத்துக்கு இந்த விலக்கு கிடையாது. ஆனால் அது நோட்டீஸ் ஒட்டி ஏலம் விடுகிற வேலை அல்ல, காலம் பிடிக்கும் வழக்கு. அந்தக் காலத்துக்கும் பேரத்தில் ஒரு விலை உண்டு. ஆகவே அம்மாவுக்குத் தனி மனு, முடிந்தால் தனி வக்கீல். மாமாவின் மனுவோடு சேர்த்துக் கட்டினால் ஆலைக் கணக்குச் சண்டையில் வயல் விஷயம் அமுங்கிவிடும். அக்கா தம்பிக்குள் இதைப் பேசுவது சங்கடம்தான், பேசித்தான் ஆக வேண்டும்.

இடைக்காலத் தடை கிடைத்தாலும் பெரும்பாலும் சும்மா கிடைக்காது. குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு பகுதியைக் கட்டு என்ற நிபந்தனையோடுதான் வரும், கட்டாவிட்டால் தடை தானாகப் போய்விடும். ஆகவே பணத்துக்கு வழி பார்ப்பதும் இந்த 12 நாளுக்குள் வேண்டும். ஏல அறிவிப்பு இன்னும் வரவில்லை என்பது நல்ல செய்தி. 2016 திருத்தத்துக்குப் பிறகு, முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2023ல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. அறிவிப்புக்குப் பிறகும், ஏலத்தில் யாரும் கேட்காமல் போனால் வங்கி பணம் வாங்கிக்கொள்வது நடைமுறையில் உண்டு, அது உரிமை இல்லை. கிராமத்துப் பக்கம் தெரிந்த குடும்பத்துச் சொத்தை உள்ளூர்க்காரர் யாரும் கேட்க வரமாட்டார்கள் என்ற தைரியம் பலருக்கு உண்டு. அது முதல் ஏலத்தோடு சரி. அடுத்தடுத்த ஏலத்தில் ரிசர்வ் விலையை, அதாவது வங்கி வைக்கும் குறைந்தபட்ச விலையை, குறைத்துக்கொண்டே போவார்கள், ஏதோ ஒரு விலையில் வெளியூர் ஆள் வந்துவிடுவார். ஏலப் பணம் கடனுக்குப் போதவில்லை என்றால் மீதிக்கு வங்கி உங்கள் பின்னாலேயே வரும்.

ஓ.டி.எஸ். என்கிற ஒரே தவணைத் தீர்வை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றமும் வங்கியைக் கட்டாயப்படுத்தாது என்று 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்துவிட்டது. கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. 'ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்' என்று எழுதினால் அந்தக் கடிதம் ஃபைலில் தூங்கும். தொகை, எத்தனை நாளில் கட்டுவோம், பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்றும் இருந்து, கூடவே முன்பணமும் இருந்தால்தான் அது கமிட்டிக்குப் போகும். ஆலையை விற்றுத்தான் கட்ட வேண்டும் என்றால், நீங்களே ஆள் பிடித்து வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு விற்பது ஏலத்தைவிட நல்ல விலை தரும். சம்மதம் இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. 60 நாள் நோட்டீஸுக்குப் பிறகு சட்டம் அதைத் தடுக்கிறது. அவசரத்துக்கு யார் பேராவது எழுதி வைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் வருவார்கள், கேட்காதீர்கள்.

நாளைக் காலையிலேயே வி.ஏ.ஓ.விடம் போய் அம்மாவின் வயலுக்கு, கடன் வாங்கிய 2017க்கு முன்னிருந்து இன்று வரையிலான அடங்கல் நகல்களைக் கேளுங்கள். எந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு) என்ன பயிர் என்று அதில்தான் இருக்கும். நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கிய பில், பயிர்க் காப்பீடு கட்டியிருந்தால் அதன் ரசீது, எல்லாமே வயலில் விவசாயம் நடப்பதற்குச் சாட்சி. சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்று போட்டு, அடமானம் எந்தத் தேதியில் எந்த சர்வே நம்பருக்குப் பதிவானது என்று பாருங்கள். நோட்டீஸில் உள்ள நம்பரும் அதுவும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். இவற்றோடு இரண்டு நோட்டீஸும், பேப்பர் கட்டிங்கும், கணக்கு ஸ்டேட்மென்டும் சேர்த்து, டி.ஆர்.டி.யிலேயே வழக்கு நடத்தும் வக்கீலிடம் இந்த வாரத்துக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.